சமன் பொத்தான் இல்லாத கல்குலேட்டரைச் சிலர் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். கேட்டவர் வெள்ளவத்தையில் இருந்து, முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சீ.எஃப்.ஏ. சோதனையின் முதலாம் கட்டத்துக்குப் படிக்கும் ஒரு தம்பி. வங்கி வேலையில் இருந்து ஓய்வுபெற்ற மாமா தன் பழைய எச்பி-12சி கல்குலேட்டரை அவரிடம் கொடுத்திருக்கிறார். "இதில் = பொத்தானே இல்லை. 3 + 4 என்று அடித்தால் 4 என்று காட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது. மாமாவைக் கேட்டால் இதைவிட நல்ல கல்குலேட்டர் உலகத்திலேயே இல்லை என்கிறார். இதற்கென்று ஒரு பக்தர் கூட்டமே இருக்கிறதாம். அப்படி என்னதான் இருக்கிறது? சோதனைக்கு இதையே பழகவா, வேறு ஒன்று வாங்கவா?"

தம்பி, மாமா சொல்வதில் உண்மையும் இருக்கிறது, பழக்கதோஷமும் இருக்கிறது. நான் கட்டட வேலைகளில் கியூ.எஸ். (அளவு மதிப்பீட்டாளர்) வேலை பார்ப்பவன், நாள் முழுக்க அளவும் விலையும்தான். என் மேசையில் எச்பி ஒன்றும் கசியோ ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. எதை எப்போது கை தேடிப் போகிறது என்பதை வைத்தே பதில் சொல்கிறேன்.

அந்த முறைக்குத் தலைகீழ்ப் போலந்துக் குறியீடு என்று பெயர். பழகியவர்கள் ஆர்.பி.என். என்பார்கள். எண்கள் முதலில், செய்ய வேண்டிய வேலை கடைசியில். 3 எண்டர் 4 + என்று அடித்தால் 7. இது அந்நியமாகத் தெரிவது பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய கைக்குத்தான். வாயால் சொல்லிப் பாருங்கள்: "மூன்றையும் நான்கையும் கூட்டி, ஐந்தால் பெருக்கி, இரண்டால் வகு." வினை கடைசியில்தானே வருகிறது? 3 எண்டர் 4 + 5 × 2 ÷ என்று அதே வரிசையில் அடித்துக்கொண்டு போகலாம். சிங்களமும் அப்படித்தான் என்பதால், எங்கள் சைட்டில் யார் அளவைச் சொன்னாலும் காதில் விழுகிற ஒழுங்கிலேயே விரல் போகிறது.

உள்ளே நடப்பது இதுதான். சாப்பாட்டுக் கடைக் காசாளரின் மேசையில் பில் குத்தி வைக்கிற கம்பி இருக்குமே, அது மாதிரி ஓர் அடுக்கு. கடைசியாகக் குத்தியது மேலே இருக்கும், எடுக்கும்போதும் அதுதான் முதலில் வரும். எச்பியில் இந்த அடுக்குக்குக் கீழிருந்து மேலாக நான்கு தட்டுகள்: எக்ஸ், வை, ஸெட், டி. கம்பிக்குத் தலைகீழாக, புதிய எண் அடியில் உள்ள எக்ஸில் வரும், பழையவை மேலே ஏறும். திரையில் தெரிவது எக்ஸ் மட்டும். + அடித்தால் எக்ஸையும் வையையும் எடுத்துக் கூட்டி, விடையை எக்ஸில் வைத்துவிட்டு, மற்றவற்றை ஒரு தட்டு இறக்கிவிடும். நீங்கள் 3 + 4 அடித்தபோது, 3ஐ வையில் கிடந்த பூச்சியத்தோடு கூட்டி வைத்தது. பிறகு நீங்கள் 4 அடித்தீர்கள், அதைக் காட்டிக்கொண்டு அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கிறது. கோளாறு எதுவும் இல்லை.

புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் எண்டரை அதிகமாக அடிப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு எண்களை அடிக்கும்போது அவற்றைப் பிரிக்க மட்டுமே எண்டர் வேண்டும். ஒரு கணக்கு முடிந்து விடை திரையில் நிற்கும்போது புது எண்ணைத் தட்டினால், பழைய விடை தானாகவே மேலே ஏறிவிடும். இந்த ஒன்று கைக்கு வந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

சரி, கொண்டாட்டம் எதற்கு? கொழும்பில் காணி பார்த்தவர்களுக்குப் பழக்கமான ஒரு கணக்கை எடுப்போம். காணி நேரான செவ்வகம் இல்லை. 48 அடிக்கு 55 அடி பிரதான துண்டு, பின்னால் 30க்கு 20 முக்கோண மூலை, முன்னால் பாதைக்கு விட வேண்டிய 12க்கு 15. எத்தனை பேர்ச்? ஒரு பேர்ச் 272.25 சதுர அடி.

48 எண்டர் 55 × அடித்தால் 2640. 30 எண்டர் 20 × 2 ÷ அடித்தால் 300. + அடித்தால் 2940. 12 எண்டர் 15 × அடித்தால் 180. − அடித்தால் 2760. 272.25 ÷ அடித்தால் 10.14. யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஒரு பரப்பும் கொஞ்சமும்.

இதில் ஒவ்வொரு இடத்திலும் ஓர் உண்மையான அளவு திரையில் வந்து போனதைக் கவனியுங்கள். முக்கோண மூலைக்கு 300 என்று வரும்போது, 'ஆம், சின்ன மூலைதானே' என்று மனம் ஒப்புக்கொள்கிறது. 20க்குப் பதில் 200 என்று விரல் தவறியிருந்தால் 3000 வந்திருக்கும். பிரதான காணியைவிட மூலை பெரிதாகிவிட்டதே என்று அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம். சாதாரண முறையில் முழுக் கோவையையும் அடித்து = தட்டியதும் ஒரே ஒரு விடை வருகிறது. அது 10 பேர்ச்சா 20 பேர்ச்சா என்று சந்தேகப்பட நடுவில் ஒரு பிடி கிடைக்காது.

அதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. சாதாரண முறையில் இந்தக் கணக்கை அடிக்க முதல் அடைப்புக்குறியைத் திறக்கும்போதே, கடைசியில் 272.25 ஆல் வகுக்கப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் காணியில் நின்று யோசிக்கும்போது அப்படியா வருகிறது? முதலில் பெரிய துண்டு, பிறகு 'அந்த மூலையும் இருக்கிறதே', பிறகு 'பாதைக்கு விட வேண்டுமே'. கணக்கு தலைக்குள் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஆர்.பி.என். அதன் கூடவே வரும், முழு வடிவம் முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை. கசியோவிலும் நடுவில் = தட்டி, வந்த விடையின்மேல் தொடரலாம்தான். அப்படிச் செய்பவர் ஏற்கெனவே அரைவாசி ஆர்.பி.என்.காரர், அவருக்கு அது இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பக்தர்கள் அடிக்கடி சொல்கிற அடுத்த காரணம், கல்குலேட்டர் நமக்காக எதையும் ஊகிக்காது என்பது. இது வெறும் வாதத்துக்காகச் சொல்வதல்ல. 2 + 3 × 4 ஐ ஒரு கடைக் கல்குலேட்டரில் அடியுங்கள், 20 வரும். சயன்டிஃபிக்கில் அடியுங்கள், 14 வரும். −3² ஐ எக்செலில் =−3^2 என்று எழுதினால் 9 வரும், கசியோ சயன்டிஃபிக்கில் −9 வரும். 6÷2(1+2) என்ற அந்தப் புகழ்பெற்ற சண்டைக் கணக்குக்குப் புதிய கசியோ மாதிரிகள் தாங்களாகவே ஓர் அடைப்புக்குறியைச் சேர்த்து 1 என்கின்றன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-84 அதையே 9 என்கிறது. இவற்றில் எதுவும் பழுதான இயந்திரம் இல்லை. நாம் எழுதியதை ஒவ்வொன்றும் தன் விதிப்படி வாசிக்கிறது. ஆர்.பி.என்னில் வாசிக்க ஒன்றுமே இல்லை. 3ஐ எதிராக்கிப் பிறகு வர்க்கமாக்கினால் 9, வர்க்கமாக்கிப் பிறகு எதிராக்கினால் −9. எதை முதலில் செய்வது என்று முடிவெடுத்தது நீங்கள்.

சதவீதப் பொத்தானில் இது இன்னும் நன்றாகத் தெரியும். சில கசியோ மேசைக் கல்குலேட்டர்களில் 100 + 10 % அடித்தால் 110 வராது, 111.11 வரும். விற்பனை விலையில் 10 சதவீதம் இலாபம் வைக்க என்ன விலை போட வேண்டும் என்று நீங்கள் கேட்பதாக அது எடுத்துக்கொள்கிறது. வியாபாரிக்கு வசதி, தெரியாமல் அடிப்பவருக்கு வில்லங்கம். உங்கள் 12சியில் ஒரு ஹோட்டல் பில்லைப் போட்டுப் பாருங்கள். சாப்பாடு 4850 ரூபா, 10 சதவீதம் சேர்விஸ் சார்ஜ், அதன்மேல் 18 சதவீதம் வற். 4850 எண்டர் 10 % என்றதும் 485 வரும். 4850 எங்கேயும் போகாமல் வையிலேயே இருக்கும். + அடித்தால் 5335. 18 % அடித்தால் 960.30. + அடித்தால் 6295.30. சேர்விஸ் சார்ஜ் எவ்வளவு, வற் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று மூன்றையும் போகிற போக்கிலேயே பார்த்தாயிற்று. மாமாவைப் போன்ற வங்கிக்காரர்கள் இந்த ஒரு பொத்தானுக்காகவே அதை விடமாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

அப்புறம் அந்த டி தட்டு. அடுக்கு ஒரு படி இறங்கும்போதெல்லாம் டியில் உள்ள எண் அப்படியே தங்கி, தன் பிரதியை ஸெட்டுக்கு அனுப்பும். 1.08 எண்டர் எண்டர் எண்டர் என்று அடித்தால் நான்கு தட்டிலும் 1.08. அதன்மேல் 100000 அடித்து × தட்டினால் 108000. இன்னொரு × தட்டினால் 116640. இன்னொன்று, 125971.20. 8 சதவீத வட்டிக்கு ஒரு இலட்சம் நிலையான வைப்பு வருடா வருடம் வளர்வதை ஒரே பொத்தானைத் தட்டிப் பார்க்கலாம். உள்ளே இருந்த 1.08 தீரவே தீராது. வடிவமைத்தவர்கள் இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று தெரியும்போது ஒரு சந்தோஷம் வருகிறது பாருங்கள், பக்தி தொடங்குவது அங்கேதான்.

வரலாறு கொஞ்சம் தெரிந்தால் பக்தியின் மற்றப் பக்கமும் புரியும். 1920களில் யான் வூகாசியேவிச் என்ற போலந்துத் தர்க்கவியலாளர், செயற்குறியை முன்னால் போட்டு எழுதினால் அடைப்புக்குறியே தேவைப்படாது என்று காட்டினார். அதைத் திருப்பிப் பின்னால் போட்டு, கணினியில் அடுக்கோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை 1950களில் முன்வைத்தவர்களில் ஆஸ்திரேலியாவின் சார்ள்ஸ் ஹம்ப்ளின் முக்கியமானவர். எச்பி 1968இல் 9100ஏ என்ற மேசைக் கல்குலேட்டரை இந்த முறையில் கொண்டுவந்தது, விலை 4,900 டொலர். சட்டைப் பைக்குள் அடங்கும் மாதிரி ஒன்று வேண்டும் என்று நிறுவனர்களில் ஒருவரான பில் ஹியூலெட் பிடிவாதமாக நின்றதில் 1972இல் எச்பி-35 பிறந்தது. 35 பொத்தான்கள், 395 டொலர். அந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று சந்தை ஆய்வு கைவிரித்தது. முதல் வருடத்திலேயே ஓர் இலட்சம் விற்றது. சில வருடங்களில், அதுவரை பொறியியலாளர்கள் நகர்த்தி நகர்த்திக் கணக்குப் போட்ட சிலைட் ரூல் என்ற அளவுகோல் செத்துப்போனது. மடக்கை அட்டவணையைப் புரட்டி ஓஎல் கணக்குச் செய்தவர்களுக்கு, சைனும் மடக்கையும் ஒரே தட்டில் வந்து விழுவது அந்தக் காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எச்பி-35க்குள் இருந்த நிரல் மொத்தம் 768 கட்டளைகள்தான். அதற்குள் திரிகோண கணிதம், மடக்கை எல்லாம் அடங்க வேண்டும். அடைப்புக்குறியை நினைவில் வைத்து, எது முந்தியது எது பிந்தியது என்று ஆராய்வதற்கு இடமில்லை. ஆர்.பி.என்னில் அந்த வேலையை மனிதர் செய்துவிடுகிறார், இயந்திரத்துக்கு மிச்சம். 1974இல் வந்த சின்கிளேர் சயன்டிஃபிக் வெறும் 320 கட்டளைகளில் ஒப்பேற்றியது, அதுவும் ஆர்.பி.என்.தான். சோவியத் ஒன்றியத்தின் நிரல்படுத்தக்கூடிய எலெக்ட்ரோனிகா கல்குலேட்டர்களும் இதே வழியில் போனவை. ஆக, அறிவுஜீவிகளுக்காகத் தேர்ந்தெடுத்த உயர்ந்த முறை என்று இதைச் சொல்வதில் அர்த்தமில்லை. நினைவகம் பொன் விலை விற்ற காலத்தின் சிக்கனம் இது. அந்தச் சிக்கனம் பயன்படுத்துபவருக்கும் ஒத்துப்போனது அதிர்ஷ்டம். நினைவகம் மலிந்ததும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் ஜப்பானியர்களும் புத்தகத்தில் உள்ளபடியே அடிக்கலாம் என்று வந்தார்கள், பள்ளிக்கூடங்கள் அவர்கள் பக்கம் போயின. இன்று உங்கள் கசியோவில் ஒரு கோவையை அடித்து = தட்டினாலும், கோவையைப் பிரித்து எண்களையும் செயல்களையும் அடுக்கில் ஏற்றி இறக்கும் வேலை உள்ளே நடக்கத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

இனி மாமா சொல்லாத பக்கம். குறைந்த பொத்தான் தட்டல் என்று பெருமையடிப்பார்கள். (3+4)×(5+6) க்கு ஆர்.பி.என்னில் 9 தட்டல், சாதாரண முறையில் 12. உண்மைதான், ஆனால் அந்த மூன்று தட்டலால் யாருடைய வாழ்க்கையும் மாறிவிடாது. இன்றைய கசியோவில் பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் புத்தகத்தில் உள்ளபடியே திரையில் பார்க்கலாம், அம்புக்குறியால் பின்னால் போய் ஒரு எண்ணை மட்டும் திருத்தலாம். 12சியில் என்ன அடித்தோம் என்பதற்குத் தடயமே இருக்காது. நடுவில் தொலைபேசி அடித்தால் எங்கே நின்றோம் என்று நினைவில் இருக்க வேண்டும். நான்கு தட்டுக்கு மேல் ஏற்றினால் மேலே உள்ள எண் சத்தமில்லாமல் காணாமல் போகும். என் அனுபவத்தில், சூத்திரம் ஏற்கெனவே தாளில் எழுதியிருந்தால் கசியோ சுகம். கணக்கை யோசித்துக்கொண்டே போட வேண்டியிருந்தால் எச்பி.

பிழைக்கு மருந்தாக நீல எழுத்தில் எல்.எஸ்.டி.எக்ஸ் என்று ஒரு கட்டளை உண்டு. கடைசிக் கணக்கில் எக்ஸில் இருந்த எண்ணைத் திருப்பித் தரும். பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டீர்களா? அதைக் கூப்பிட்டு ஒருமுறை பெருக்கினால் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். மறுபடி கூப்பிட்டு நினைத்ததைச் செய்யலாம்.

இரசிகர்களின் ஆசையில் பொருளின் பங்கும் இருக்கிறது. எச்பி-35 காலத்துப் பொத்தான்களில் எழுத்து மேலே அச்சடித்ததல்ல, இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை வார்த்துச் செய்தது, தேயவே தேயாது. அழுத்தினால் விரலுக்குத் தெரிகிற ஒரு சொடுக்கு உண்டு. 1982 முதல் 1989 வரை வந்த எச்பி-15சி என்ற சயன்டிஃபிக் மாதிரிக்கு, உற்பத்தியை நிறுத்திய பிறகும் தேடல் ஓயாததால் 2011இலும் 2023இலும் மறுபதிப்புப் போட்டார்கள். சுவிட்சர்லாந்தில் சுவிஸ்மைக்ரோஸ் என்ற நிறுவனம் பழைய எச்பிகளைப் போலவே புதிதாகச் செய்து விற்கிறது. உங்கள் 12சியோ 1981இல் வந்து இன்னமும் கடையில் கிடைக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே முகத்தோடு விற்கிற மின்னணுப் பொருள் வேறு எத்தனை இருக்கின்றன?

சோதனைக்கு வருவோம். சீ.எஃப்.ஏ.யில் இரண்டு வகைக்குத்தான் அனுமதி: எச்பி-12சி, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஏ-2 பிளஸ். ஆகவே மாமாவின் பரிசு செல்லும். கடன் தவணை, இன்றைய பெறுமதி மாதிரியான கணக்குகளில் ஆர்.பி.என்னுக்குப் பெரிய வேலை இல்லை. 15 இலட்சம் லீசிங், மாதம் 1.5 சதவீதம், 48 தவணை என்றால் இரண்டிலும் மூன்று பெறுமதியைப் போட்டு நான்காவதைக் கேட்பீர்கள். மாதம் 44,062 ரூபா ஐம்பது சதம் வரும், எதிர்க்குறியோடு, ஏனென்றால் அது உங்கள் கையில் இருந்து போகிற பணம். வித்தியாசம் மற்ற இடங்களில். 12சியிடம் எத்தனை தவணை என்று கேட்டால் விடையை அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிக் காட்டும். 17.3 வர வேண்டிய இடத்தில் 18 என்று நிற்கும், அதை நம்பி விடை குறித்தால் வம்பு. பழைய 12சி வட்டி வீதம் கண்டுபிடிக்கும்போது ஓடுகிறேன் என்று மினுக்கிக்கொண்டு சில விநாடி எடுக்கும். மறுபக்கம், பிஏ-2 பிளஸ் பெட்டியில் இருந்து எடுத்தபடி இருந்தால் 2 + 3 × 4 க்கு 20 என்று சொல்லும். அமைப்புக்குள் போய் மாற்றினால்தான் 14. உங்கள் வகுப்பில் ஆசிரியர் பொத்தான் பொத்தானாகச் சொல்லிக் கொடுப்பது பிஏ-2 பிளஸுக்கு என்றால், சோதனை நெருக்கத்தில் இருந்தால், அதை வாங்கிக்கொண்டு போங்கள், 12சியை வீட்டில் வைத்துப் பழகுங்கள். நேரம் இருக்கிறது என்றால் 12சியே போதும். பில், வட்டி, காணி என்று அன்றாடக் கணக்கு எல்லாவற்றையும் அதிலேயே போடுங்கள். பஸ்ஸில் பழக ஃப்ரீ42 என்ற செயலி தொலைபேசிக்கு இலவசம். அது எச்பி-42எஸ்ஸின் நகல், நிதிப் பொத்தான்கள் இருக்காது, ஆனால் அடுக்கு அதே அடுக்குத்தான்.

மாமாவின் கல்குலேட்டர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அணைத்துவிட்டு, ஆன் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி × ஐயும் அழுத்துங்கள். முதலில் ஆனை விடுங்கள், பிறகு × ஐ விடுங்கள். கொஞ்சம் பொறுத்தால் திரை முழுக்க 8 வந்து எல்லாக் குறியும் எரிய வேண்டும். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி காட்டினால் பயப்பட வேண்டாம், ஐரோப்பிய முறையில் இருக்கிறது. அணைத்துவிட்டு, புள்ளிப் பொத்தானைப் பிடித்தபடி ஆன் செய்தால் மாறிவிடும். பட்டரி வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், வெவ்வேறு வருடத்து 12சிகளுக்கு வெவ்வேறு அளவு.